மூன்றாம் பாதியின் மணிக்கயிறு

ஜனவரி 12, ஞாயிறு

ஒருவன் குடியை விட்டுவிட்டானா, அல்லது நம் கண்ணெதிரே குடிப்பதை மட்டும் விட்டுவிட்டானா — இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரியவில்லை. டோர்த்தெயிடமும் அதைத்தான் சொன்னேன்.

டோர்த்தெ என் தம்பி கிறெஸ்டனின் முன்னாள் மனைவி. காலையில் போன் செய்தாள். பிப்ரவரியில் குளிர்கால விடுமுறை வருகிறது. மகள் கார்லா அந்த ஒரு வாரம் அப்பாவிடம் இருக்க ஆசைப்படுகிறாளாம். கடைசியாக அவள் அவன் வீட்டில் தங்கியது இரண்டு வருடத்துக்கு முன்பு. அன்று சமையலறைத் தரையில் கிடந்த அவனுடைய வாந்தியைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய சட்டையை மோந்து பார்த்துத்தான் டோர்த்தெ கண்டுபிடித்தாள்.

"விட்டுட்டேன்னு சொல்றான். அவன் சொல்றத நான் நம்பமாட்டேன், விபேகெ. நீ சொன்னா நம்புவேன். நீ யாருக்காகவும் பொய் சொல்லி நான் பார்த்ததில்ல."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. வேலையை என் தலையில் கட்டுகிறாள்.

நகரக் குடிநீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் தொழில். ஒரு குப்பியில் மாதிரி எடுத்துக் கொடுத்தால் மறுநாள் பதில் சொல்லிவிடுவேன். தம்பியை எந்தக் குப்பியில் அடைப்பது?

குடியை விட்டவன் சனிக்கிழமை தவறாமல் ‘மூன்றாம் பாதி’க்குப் போகிறான். ஆட்டத்துக்கு இரண்டு பாதி, மூன்றாவது பாதி அங்கே, மதுக்கடையில். பெயர் வைத்தவருக்கு அது பெரிய நகைச்சுவையாக இருந்திருக்கும்.

மாலையில் அவனிடமே கேட்டேன். "வந்து பாரேன், அக்கா" என்றான்.

ஜனவரி 18, சனி

பார்த்தேன்.

உள்ளே நுழைந்ததும் கம்பளம் காலணியைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு அடிக்கும் ‘சப்’ என்ற சத்தம். நாற்பது சதுர மீட்டருக்குக் குறைந்த கடைகளில் புகைக்கலாம் என்று சட்டம் விட்டுவைத்த மூலைகளில் இதுவும் ஒன்று. கூரை ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது தேநீர் ஊற்றி ஊறவைத்த நிறம். மேசைக்கு மேசை வேர்க்கடலைக் கிண்ணம். கழிப்பறைக் கதவு திறந்து மூடுவதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வந்தவர்கள் நேராகக் கடலைக் கிண்ணத்துக்குள் கையை விட்டார்கள். அந்தக் கிண்ணத்தில் என்ன வளரும் என்று எனக்குத் தெரியும். பெயர்களே தெரியும்.

ஒரு மேசைக்கடியில் ஈர நாய். அது சாம்பல் கிண்ணத்தை நக்கியது. அதன் சொந்தக்காரர் அதைத் தடவிய கையாலேயே சிவப்புத் தொத்திறைச்சியை ஒடித்து அதற்குப் பாதி, தனக்குப் பாதி என்று தின்றார்.

பெண்கள் கழிப்பறையில் பீர்ப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆண்களுடையதைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அங்கே சிறுநீர்த் தொட்டிக்குள் பிளாஸ்டிக்கில் குட்டி கோல் கம்பமும் ஒரு பந்தும். நான் அடக்கிக்கொண்டேன்.

கடைக்காரி கூர்லி. எழுபதை நெருங்குகிறாள். கணீரென்ற குரல். எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான், நானும் உட்பட. "உக்காரு கண்ணு. உன் தம்பி உன்னப் பத்தி நிறைய சொல்லியிருக்கான். அதுல பாதிகூட மூஞ்சியில தெரியலயே" என்றாள்.

இன்னொருவர் பிரேபென். மூடிப்போன இறைச்சி ஆலையில் வேலை பார்த்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "புரொபசர் வந்துட்டாங்க, யாரும் காத்து விடாதீங்க" என்றார். கடை முழுதும் சிரித்தது. கிறெஸ்டனும் சிரித்தான்.

தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் கால்பந்து. ஒவ்வொருவனுக்கும் அங்கே ஓர் அணி உண்டு. எவனும் அந்த ஊரை நேரில் பார்த்தது கிடையாது. ஆனாலும் ‘நாம தோத்துட்டோம்’ என்கிறார்கள். நாமாம்.

ஒரு கோல் விழுந்ததும் நாய்க்காரர் போய்க் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும் மணியின் கயிற்றை இழுத்தார். மணி அடித்தவர் கடையிலுள்ள எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்க வேண்டும். அதோடு இங்கே இன்னொரு வழக்கம்: தட்டை அவரே ஏந்தி, ஆளாளுக்குத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும். வாங்கியவர் கோப்பையை உயர்த்தி, கொடுத்தவர் கண்ணைப் பார்த்துக் குடித்து, கீழே இறக்கும் முன் இன்னொரு முறை பார்க்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி. கூர்லி அந்தத் தட்டின் ஓரத்தில் ஒரு கோலாவை வைத்தாள். கிறெஸ்டனுக்கு. அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நானும் கோலாதான் குடித்தேன். கோப்பை விளிம்பில் யாருடையதோ உதட்டுச்சாயம்.

திரும்பும் வழியில், "அங்கே ஏன் போகிறாய்?" என்று கேட்டேன்.

"வேற எங்க போறது, அக்கா? வீட்டுல நானும் நாலு சுவரும். அங்கதான் குடிச்சேன். அங்க குடிக்காம இருந்தாத்தான் நான் விட்டதா எனக்கே தெரியும்."

வாதம் மோசமில்லை. குடிகாரர்களின் வாதங்கள் ஒருபோதும் மோசமாக இருந்ததில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மேலங்கியை மொட்டைமாடிக் கம்பியில் தொங்கவிட்டேன். இரவு முழுக்கப் பனி. நாற்றம் போகவில்லை.

ஜனவரி 23, வியாழன்

குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். இந்த வருடமும் என்னைத்தான் தலைமை தாங்கச் சொன்னார்கள். சைக்கிள் கொட்டகைக்குக் கூரை போடுவதா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம். மூன்றாம் மாடிக்காரர் எழுந்து நின்று எதிர்வீட்டுக்காரரின் மனைவியைப் பற்றி ஏதோ சொன்னார். தலைவர் மேசையில் இருந்த பித்தளை மணியை இரண்டு தட்டுத் தட்டினேன். அடங்கினார்கள். மணி அடித்தால் வாயை மூட வேண்டும் என்பது இந்த மக்களுக்குப் பிறவியிலேயே தெரியும்போல. பிறகு கேக் சாப்பிட்டோம். கூரை வேண்டாம் என்று முடிவாயிற்று.

கேக் சாப்பிடும்போது ‘மூன்றாம் பாதி’யை நினைத்தேன். அங்கே இப்படி ஒரு தட்டு தட்டினால் தேவலை.

ஜனவரி 25, சனி

மறுபடி போனேன். இதை எழுதவே கூசுகிறது.

கிறெஸ்டன் கழிப்பறைக்குப் போனான். அவனுடைய கோப்பையை எடுத்து மோந்து பார்த்தேன். சர்க்கரை, எலுமிச்சை, அவ்வளவுதான். ஆனால் கோலாவின் வாசனை எதையும் மறைக்கும். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன். ஆமாம், யோசித்தேன். அந்தக் கோப்பையில், அந்தக் கடையில்.

"மோந்து பாக்குறியா, கண்ணு?"

கூர்லி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். கையில் ஈரத் துணி. அந்தத் துணியைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதலாம்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. நான் ஊத்துறது கோலாதான். அவன் கேட்டாலும் வேற தரமாட்டேன். ஆனா நான் பின்னாடி போனா எவன் என்ன ஊத்துறான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ரெண்டு கண்ணுதான் இருக்கு. அதுலயும் ஒண்ணுல புரை."

என் முகம் எரிந்தது. அவள் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். கிறெஸ்டன் வந்தான். அவள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

பிறகு பிரேபென் பகடை உருட்ட என்னை அழைத்தார். தோல் கோப்பைக்குள் பகடையைக் குலுக்கிக் கவிழ்த்து, உள்ளே என்ன விழுந்தது என்று பொய் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் நம்ப வேண்டும், அல்லது கோப்பையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தூக்கிப் பார்த்தேன். "புரொபசருக்கு யார் மேலயும் நம்பிக்கையே கெடையாதுப்பா" என்றார் பிரேபென். தோல் கோப்பையின் உட்புறம் பிசுபிசுவென்றிருந்தது.

வீட்டுக்கு வந்து முழங்கை வரை கழுவினேன். ஆய்வுக்கூடத்தில் கழுவுவது போல.

ஜனவரி 26, ஞாயிறு

டோர்த்தெ போன். "என்ன பார்த்த?"

"கோலாதான் பார்த்தேன்."

"பார்த்தது கோலா. சரி. அடுத்த ஞாயிறு கடைசியா கேக்குறேன். நீ ஆமான்னு சொன்னா வெள்ளிக்கிழமை அவளை ரயில் ஏத்துறேன். அவ பெட்டிய இப்பவே எடுத்து வெளிய வச்சிருக்கா, விபேகெ. ஒண்ணும் கேக்க மாட்டேங்குறா. பெட்டிய மட்டும் வச்சிருக்கா."

ஜனவரி 29, புதன்

கிறெஸ்டன் கார்லாவுக்காக ஒரு கட்டில் வாங்கியிருக்கிறான். படம் அனுப்பினான். போர்வையை மடிப்புக் கலையாமல் விரித்திருக்கிறான். பார்த்துவிட்டு வெகுநேரம் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தேன்.

பிப்ரவரி 1, சனி

உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். நாளை டோர்த்தெ கேட்பாள்.

நாலு மணி ஆட்டம். கடை நிறைந்திருந்தது. புகையில் தொலைக்காட்சிகூடத் தெரியவில்லை. யாரோ நனைந்த காலுறையைக் கழற்றி வெப்பக்குழாய் மேல் காயப் போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. தலைக்கு மேலே மணிக்கயிறு.

இடைவேளையில் பீப்பாய் தீர்ந்துபோய், மாற்றுவதற்குக் கூர்லி நிலவறைக்கு இறங்கினாள். பிரேபென் தானாகவே கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவள் இறங்கும்போதெல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்வாராம்.

ஆரம்பித்தார். கிறெஸ்டன் ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் கால்சட்டை நனைந்து தூங்கிக் கிடந்த கதை. எல்லோருக்கும் தெரிந்த கதைதான்போல. அங்கங்கே அடுத்த வரியை அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். கிறெஸ்டனும் கொடுத்தான். அப்புறம் பிரேபென் குரலை மெலிதாக்கி, இரண்டு கையையும் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு —

"அப்பா, எழுந்திருங்கப்பா. அப்பா, எல்லாரும் பாக்குறாங்கப்பா."

கார்லாவின் குரல். ஒரு சின்னப் பெண்ணின் குரலில் அந்தத் தடித்த ஆள். கடையே சிரித்து உருண்டது. நாய்க்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிறெஸ்டனும் சிரித்தான். காது இரண்டும் சிவந்திருக்க, பல்லைக் காட்டிச் சிரித்தான்.

அவர்களுடைய பல், அந்தக் காலுறை, அந்தக் கடலை, சிரிக்கும் என் தம்பி. எழுந்தேன். கயிறு கைக்கு எட்டியது. இரண்டு இழுப்பு இழுத்தேன்.

இந்த நாட்டில் பிறந்த எவருக்கும் மதுக்கடை மணிக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு வாரம் முன்பு நானே பார்த்தேன். ஆனால் இது வியாழக்கிழமைக் கூட்டத்தை அடக்கிய கை. வருடக்கணக்கில் மணி அடித்து மனிதர்களை வாயடைக்க வைத்த கை. அது யோசிக்கவில்லை. "அமைதியாக இருங்கள்" என்று சொல்லவும் சொன்னேன். ஒருவர் காதிலும் விழுந்திருக்காது.

"புரொபசர் வாங்கித் தர்றாங்கடா!"

ஆர்ப்பரித்தார்கள். யாரோ என் முதுகில் தட்டினார். இல்லை, நான் சொல்ல வந்தது — யாரிடம் சொல்வது? அதற்குள் பிரேபென் சின்னக் கோப்பைகளை வரிசையாக வைத்து ‘கசப்பு’ என்று இவர்கள் சொல்லும் கறுப்பு மூலிகைச் சாராயத்தை ஊற்றிக்கொண்டே போனார். தட்டை என் கையில் திணித்தார்கள். ஒவ்வொருவராகக் கொடுத்தேன். ஒவ்வொருவராக என் கண்ணைப் பார்த்தார்கள். பீர் வாடை அடிக்கும் வாய்களோடு, மரியாதையோடு, "நன்றி, விபேகெ" என்றார்கள். பெயர் எப்படித் தெரியும்?

கிறெஸ்டனிடம் வந்தபோது தட்டைப் பார்த்தேன். கோலா இல்லை. இரண்டே கசப்பு. ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு. பிரேபென் மறந்தாரா, வேண்டுமென்றே செய்தாரா — தெரியவில்லை.

வேண்டாம் என்ற சொல் என் நாக்கில்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? எல்லோரும் கோப்பையை உயர்த்திக் காத்திருந்தார்கள். கடைசி ஆள் வாங்கும் வரை யாரும் குடிக்கக் கூடாது.

"சொந்த அக்கா குடுக்குறா" என்றார் பிரேபென். "அதையும் வேணாம்பியா?"

கிறெஸ்டன் என் முகத்தைப் பார்த்தான். "பரவால்ல, அக்கா" என்றான், ரொம்ப மெதுவாக. தட்டிலிருந்து எடுத்துக்கொண்டான். நான் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. தட்டை நான்தான் ஏந்தியிருந்தேன்.

‘ஸ்கோல்’ என்று எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். அவன் கோப்பையை உயர்த்தினான். என் கண்ணைத் தேடினான். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கம்பளத்தை. ஒரு கடலை நசுங்கிக் கிடந்தது.

நிமிர்ந்தபோது அவனுடைய கோப்பை காலியாக இருந்தது.

கூர்லி நிலவறைப் படியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். பிரேபெனிடம், "வெளிய வா அங்கேருந்து. இனிமே இந்தப் பக்கம் கால வச்ச, உன்னையும் பீப்பாயோட உருட்டிவிடுவேன்" என்றாள். பிரேபென், "ஒரு சின்னக் கோப்பைதானம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார். என்னையும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அதே நாள், பிறகு

குடித்தானா? நாய்க்கு ஊற்றினானா? தரையில் கொட்டினானா? நான் பார்க்கவில்லை. மூன்று வாரமாக எதைப் பார்க்கப் போனேனோ அது நடந்த நொடியில் நான் கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட நடந்து வந்தான். நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. வாசலில், "போய்த் தூங்குக்கா" என்றான். வாயிலிருந்து என்ன வாசனை வருகிறது என்று பார்க்க நான் கிட்டப் போகவில்லை. ஒருவேளை வேண்டுமென்றே போகவில்லை.

டோர்த்தெயிடம் ‘தெரியாது’ என்று சொல்லலாம். உண்மைதான். உண்மையிலேயே கேவலமான உண்மை. அந்தக் கூரையையும் கடலையையும் பார்த்து மூக்கைப் பிடித்தேனே. கடைசியில் அந்தக் கடையில் என் தம்பி கையில் சாராயம் கொடுத்தவள் ஒருத்திதான். அது நான்தான். ச்சே. என்ன ஜென்மம் நான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நடந்ததை எழுதுகிறேன்.

டோர்த்தெயின் அழைப்பு நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் பேசினாள்.

"காலங்காத்தால அவனே போன் பண்ணினான். நேத்து ஒரு கோப்பை கசப்பு குடிச்சேன், அதோட நிறுத்திட்டேன், நீ தெரிஞ்சுக்கணும்னு சொன்னான்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"யார் குடுத்தான்னு கேட்டேன். அத விடு, குடிச்சது நான்தானேன்னுட்டான். நீ அங்கதானே இருந்த? எவன் குடுத்தது? அந்த இறைச்சி ஆலைக்காரனா?"

"நான்" என்றேன்.

மணியைப் பற்றிச் சொன்னேன். குடியிருப்புச் சங்கம், வியாழக்கிழமை, இரண்டு இழுப்பு. தட்டு. தரையைப் பார்த்தது. முடித்ததும் மறுமுனையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நானேதான் கண்டுபிடிச்சிருக்கேன்" என்றாள். "சட்டையில, காருல, படுக்கைக்கு அடியில. அவனா வந்து சொன்னது இதுதான் முதல் தடவ."

அப்புறம்: "வெள்ளிக்கிழமை அனுப்புறேன். பகல்ல அவன்கூட இருக்கட்டும். ராத்திரி உன் வீட்டுல படுக்கட்டும். அவன்கிட்ட நீயே சொல்லு. கட்டில் வாங்கியிருக்கானாம்ல?"

"ஆமாம்."

"கட்டில் எங்கயும் போகாது."

கொஞ்ச நேரத்தில் கிறெஸ்டன் வந்தான். கையில் பேக்கரிப் பை, சூடு ஆறாத ரொட்டி உருண்டைகள், பாலாடைக்கட்டி. ஞாயிற்றுக்கிழமை. காலை உணவுக்கு வந்ததாகத்தான் காட்டிக்கொண்டான். ராத்திரி ஏற்பாட்டைச் சொன்னேன். ரொட்டியைக் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியை நிறுத்தினான். பிறகு வெட்டி முடித்தான்.

"சரி" என்றான். "போர்வைய இங்க கொண்டாந்துடறேன். புதுசு. அதுலயே படுக்கட்டும்."

"ஏன் குடித்தாய்?" என்று கேட்டேன்.

"நீ தட்டோட நின்ன. எல்லாரும் பார்த்தாங்க. உன்னை அப்படி நிக்க வைக்க முடியல" என்றான். "சாக்கு சொல்லலக்கா. நல்லாவும் இருந்துச்சு. அதையும் டோர்த்தெகிட்ட சொல்லிட்டேன்."

காபி ஊற்றினேன். அவன் கோப்பையைக் கையில் எடுத்தான். குடிக்கவில்லை. முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து, என் கண்ணைத் தேடியபடி காத்திருந்தான்.

பார்த்தேன். குடித்தான். இறக்கும் முன்பு மறுபடியும் பார்த்தான். அப்போதும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சட்டையில் அந்தக் கடையின் நாற்றம் அப்படியே இருந்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். குளிர் உள்ளே வந்தது. ஜன்னலை மூடச் சொல்லாமல், மேலங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து இரண்டாவது ரொட்டியைச் சாப்பிட்டான்.